கார்கள் போன பிறகு எழும் கட்டடம்

1908 யூலை 30ஆம் திகதி பரிஸ் நகருக்குள் ஒரு கார் நுழைந்தது. நியூயோர்க்கிலிருந்து பரிஸுக்கு நடந்த கார்ப் போட்டியில் பெப்ரவரி 12ஆம் திகதி புறப்பட்டு, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, கப்பலேறி யப்பான் போய், சைபீரியச் சேற்றில் புதைந்து எழும்பி, 169 நாளில் வந்து சேர்ந்த தோமஸ் ஃபிளையர். ஊருக்குள் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். முன்விளக்கு இல்லையாம். உலகத்தைச் சுற்றி வந்த கார் என்றாலும் லைற் இல்லாமல் விட மாட்டேன் என்று நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் தன் சைக்கிளில் விளக்கு இருக்கிறது என்று கொடுத்தார். விளக்கைக் கழற்ற முடியவில்லை. சைக்கிளையே தூக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கதையைக் கிளிநொச்சியில் ஒரு கராச்சில் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "பிறகென்ன, டைனமோ சுத்த ஒருத்தனைப் பின்னுக்கு இருத்தியிருப்பாங்கள்" என்றார் ஒரு பெரியவர், கையைத் துடைத்தபடி. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது.

அந்தக் கார் இதுவரை இரண்டு அருங்காட்சியகங்களைப் பறிகொடுத்திருக்கிறது. இப்போது நிற்பது மூன்றாவதில். அந்த மூன்றாவது கட்டடம் எப்படி எழுந்தது என்று பார்த்தால், வன்னியில் நாம் தொலைத்தவற்றைப் பற்றி யோசிக்க ஒரு வழி கிடைக்கிறது.

முதலாவது அருங்காட்சியகத்தை நியூயோர்க் நகருக்குக் கிழக்கே, லோங் ஐலண்டில் உள்ள சவுதாம்டனில் ஹென்றி ஒஸ்டின் கிளார்க் என்பவர் 1948இல் திறந்தார். (ஆளின் பெயரிலேயே ஒஸ்டின் இருக்கிறது, கவனியுங்கள். எங்கள் ஊர்க் கதைக்கும் அந்தப் பெயர் வேண்டியிருக்கும்.) மாளிகை ஒன்றும் கட்டவில்லை. அரைவட்டமாக வளைத்த நெளிதகரக் கொட்டில்கள்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அமெரிக்கக் கடற்படைக்காக வடிவமைக்கப்பட்ட கொட்டில் வகை அது. சுவரும் கூரையும் ஒன்றே, ஆணி முறுக்கத் தெரிந்தவர்கள் சிலர் சேர்ந்தால் எழுப்பிவிடலாம். போர் முடிந்ததும் மிஞ்சியவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. போருக்கென்று வந்த தகரம் போருக்குப் பிறகு வீடாகவும் கடையாகவும் மாறுவதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கிளார்க் 1964இல் தோமஸ் ஃபிளையரை விற்றார். 1980இல் அவருடைய அருங்காட்சியகமும் மூடப்பட்டது. காரை வாங்கியவர் வில்லியம் ஹாரா. நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் சூதாட்ட விடுதிகள் நடத்திப் பெரும் பணக்காரரானவர். பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் பழைய களஞ்சியக் கட்டடங்களில் ஏறத்தாழ 1,400 வாகனங்களைச் சேர்த்து, பழுதுபார்க்கும் பெரிய பட்டறையும் நூலகமும் வைத்து, 1962 முதல் மக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்.

1978இல் ஹாரா இறந்தார். அப்போதுதான் ஒரு விஷயம் எல்லாருக்கும் உறைத்தது. கார்கள் அறக்கட்டளை எதன் பெயரிலும் இல்லை, கம்பனியின் பெயரில் இருந்தன. வன்னிக்காரருக்கு இது உடனே விளங்கும். காணியை எத்தனை வருடம் துப்புரவாக்கிப் பயிர் செய்தாலும் உறுதி யார் பெயரில் என்பதுதான் கடைசியில் பேசும். 1980இல் ஹொலிடே இன் நிறுவனம் ஹாராவின் கம்பனியை வாங்கியது, கார்களும் சேர்ந்தே போயின. நிறுவனத்துக்கு விடுதிகள்தான் தேவை, 1,400 பழைய கார்களை வைத்து என்ன செய்வது? விற்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. 175 வாகனங்களும் நூலகமும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடையாக வந்தன. மீதியெல்லாம் 1984, 1985, 1986 என்று மூன்று ஏலங்களில் சிதறின. உலகிலேயே ஆறு மட்டும் எஞ்சியிருக்கும் புகாட்டி ரோயல் கார்களில் ஒன்று 65 இலட்சம் டொலருக்குப் போனது.

1989இல் ரீனோவின் நடுவே, ட்ரக்கி ஆற்றங்கரையில், தேசிய மோட்டார்க் கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். முகப்பு நேர்ச்சுவராக இல்லை, ஒரு காரின் உடம்பு மாதிரி வளைந்து போகிறது. குரோம் மினுங்குகிறது. பூசிய நிறம் 1950களில் கார்களுக்குப் பூசப்பட்ட ஒரு நிறம், பெயர் ஹெதர் ஃபயர் மிஸ்ற். உள்ளே கார்களை வரிசையாக அடுக்கவில்லை. ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தெரு போட்டு, அந்தந்தக் காலக் கடைகளின் முகப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த முகப்பு சற்று மினுக்கலாகத்தான் படுகிறது. ஆனாலும் காரணம் புரிகிறது. 1,400 இருந்த இடத்தில் இருநூறை வைத்துக்கொண்டு பழைய பிரமாண்டத்தைக் காட்ட முடியாது. போனவை போனவைதான். அதனால் கட்டடத்தையே ஒரு காராக்கி, உள்ளே தெருவை வைத்தார்கள். ஸ்பார்க்ஸில் இருந்தது கார்களின் பெருக்கம். ரீனோவில் கார் ஓடிய காலம்தான் காட்சிப்பொருள்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு சங்கதி. தோமஸ் ஃபிளையரை வாங்கியதும் ஹாரா, 1908இல் அதை ஓட்டிய ஜோர்ஜ் ஷுஸ்டரைத் தேடி ரீனோவுக்கு அழைத்தார். அப்போது ஷுஸ்டருக்கு 91 வயது. முதலில் அவருக்குச் சந்தேகம். காரைக் கழற்றக் கழற்ற, போட்டியின்போது தானே போட்ட ஒட்டுகளையும் சட்டகத்தில் செய்த திருத்தங்களையும் கண்டு, இதுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு காரைத் திருத்தினார்கள். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் கோலத்துக்கு அல்ல. பரிஸில் வந்து நின்ற நிலைக்கு. பட்ட அடியோடு.

இனி வன்னிக்கு வருவோம்.

பலகை போட்ட கார் அருங்காட்சியகத்தை நான் இங்கே கண்டதில்லை. ஆனால் 1990களில் இங்குள்ள வீதிகளே ஒன்றாக இருந்தன. அதற்குக் காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இலங்கையில் புதுக் கார் இறக்குவது லேசான காரியமல்ல, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. ஆகவே 1950களின் பிரிட்டிஷ் கார்கள், அதாவது ஒஸ்டின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் நாடு முழுக்கப் பேரப்பிள்ளை காலம்வரை ஓடின. 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்கில் புலிகளின் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தடை, பற்றரி தடை, உதிரிப்பாகம் தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு, யானை விலையில் வந்தது. புதுசாக வந்த யப்பான் கார்கள் வீட்டு விறாந்தையில் படங்கு போர்த்தி நின்றன. கிழட்டு ஏ 40 எழும்பியது.

ஏன் கிழடு எழும்பியது, புதுசு எழும்பவில்லை? இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்த ஒரு கேள்விக்குள் அந்தக் காலம் முழுதும் இருக்கிறது.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படியில்லை, அது கொதிக்கவே ஏறத்தாழ 150 பாகை வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது துளியாகவே நிற்கும், பிளக்கை நனைக்கும், பற்றாது. ஆனால் எஞ்சின் ஒருதரம் சூடாகிவிட்டால் உள்ளே போகிற மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும். ஆகவே தொடக்கத்துக்குக் கொஞ்சப் பெற்றோல், சூடான பிறகு மண்ணெண்ணெய். அந்தக் கொஞ்சப் பெற்றோல் ஒரு சின்னப் போத்தலில் தங்கம்போலப் பாதுகாக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்காரர் மருந்துப் போத்தலில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கார்புரேற்றருக்கு விட்டு உதைப்பார்கள்.

அடுத்தது அமுக்கம். எஞ்சின் சிலிண்டருக்குள் எண்ணெயும் காற்றும் கலந்த கலவையை எவ்வளவுக்கு நெருக்கிப் பற்றவைக்கிறோம் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஏ 40இன் 1,200 சிசி எஞ்சினில் அது ஏழு மடங்கு அளவில்தான். எண்பதுகளின் யப்பான் கார்களில் ஒன்பதை எட்டும். மண்ணெண்ணெயை அப்படி நெருக்கினால் பிளக் பொறிவிட முன்னமே தானாக வெடிக்கும், எஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். குறைந்த அமுக்கம் என்ற பழைய எஞ்சினின் பலவீனமே இங்கே கைகொடுத்தது. போதாததற்கு, புகை வெளியேறும் குழாயும் கலவை உள்ளே போகும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டி நிற்கும். புகையின் சூடு கலவைக்குக் கிடைக்கும். கேட்டுச் செய்ததுபோல.

இது வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ முதல்முதலாகக் கண்டுபிடித்ததல்ல. அந்தக் கால ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இங்கிலாந்திலேயே இப்படித்தான் விற்கப்பட்டது. பெற்றோலில் ஸ்ராட், பிறகு மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய், இரண்டுக்கும் தனித்தனித் தாங்கி. அங்கே தொழிற்சாலை பொருத்திக் கொடுத்ததை இங்கே கராச்சில், கையில் கிடைத்த குழாயையும், எண்ணெயைத் திறந்து பூட்டும் திறப்பையும் வைத்துச் செய்தார்கள்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை இருந்தது. வீடு வர இரண்டு வளைவுக்கு முன்னமே மண்ணெண்ணெயைப் பூட்டிப் பெற்றோலைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கி நிற்கும், அடுத்தநாள் தள்ளினாலும் எழும்பாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கிவிடும். ஒயில் மாற்ற வேண்டும், ஆனால் ஒயில் எங்கே? அடிக்கடி பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். எங்கள் பெரியப்பா கிளிநொச்சிக்கும் மல்லாவிக்கும் இடையே ஒரு ஏ 40ஐ வாடகைக்கு ஓட்டினார். சட்டைப்பையில் எப்போதும் பிளக் சாவி இருக்கும். கலியாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனாலும் மண்ணெண்ணெய் மணத்தோடுதான் போய் இறங்குவார்கள். வெள்ளைப்புகை முன்னால் வந்து கார் பின்னால் வரும் என்று பகிடி பண்ணுவார்கள்.

அந்தக் கார்களின் இலக்கத்தகடும் ஒரு வரலாறு. 1957 சனவரி முதல் புது வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்தோடு இலக்கம் கொடுக்கப்பட்டது. அதற்குமுன் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த ஈஎல், ஈஎன், ஈவை போன்றவை. தமிழர் பலர் தகட்டில் தமிழ் ஸ்ரீயை எழுதிச் சிறைக்குப் போனார்கள். 1958இல் அரசு பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துகளுக்குத் தார். அந்த ஏப்ரலில், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. ஏ 40களில் பல அதற்கு முன்னமே பதிவானவை, ஈஎன் தகட்டோடு இந்தச் சண்டைக்கு வெளியே நின்றன. தகரத்தில் எழுதிய இரண்டு எழுத்தைப் பார்த்தே கார் வந்த காலம் சொல்லலாம். ஒரு அருங்காட்சியகத்துக்கு இதைவிட நல்ல விளக்கப்பலகை யாரும் எழுதித்தர முடியாது.

2002இல் கண்டி - யாழ்ப்பாணம் ஏ 9 வீதி திறந்ததும் பெற்றோல் வந்தது, யப்பான் வாகனங்கள் வந்தன, கிழடுகள் புளியமரத்தடிக்குப் போயின. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டபோது சில மறுபடி எழும்பின. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாகனங்களின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர் குறைவு.

2008இன் கடைசியில் கிளிநொச்சியிலிருந்து சனம் கிழக்கே நகர்ந்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ 35தான் வழி. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக, உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத் தகரமும் கதவு நிலையும் நெல்லு மூட்டையும் கிழவியும் குழந்தையும். ஓடக்கூடியது எல்லாம் ஓடியது: பஸ், லொறி, வான், லான்ட்மாஸ்ரர், மோட்டார் சைக்கிள். நிலம் ஒடுங்கிக்கொண்டே போய், ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல் என்ற மணல் திட்டில் முடிந்தது. அங்கிருந்து வெளியேறியவர்கள், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்களும் முன்னமே நீரேரியில் இறங்கிப் போனவர்களும், நடந்தே போனார்கள். கையில் ஒரு பை, சிலரிடம் அதுவும் இல்லை.

வன்னியின் வாகனங்களில் பெரும்பகுதி ஒரே இடத்தில் வந்து நின்றது அதனால்தான். போருக்குப் பிறகு அந்த வீதியால் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: துருப்பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, சைக்கிள்கள் தனிக் குவியல், மோட்டார் சைக்கிள்கள் தனிக் குவியல், எலும்பான பஸ்கள். யாரும் திட்டமிடாமல் உண்டான, யாரும் நுழைவுச்சீட்டு விற்காத ஒரு வாகனக் காட்சியகம். ஆண்டுகள் போக அது பழைய இரும்பு விலைக்குப் போய்க் கரைந்தது. முல்லைத்தீவுக் கரையில் தட்டி நின்ற ஃபாரா என்ற அரிசிக் கப்பலும் அப்படியே துண்டு துண்டாகப் போனது. ரீனோவில் ஏலத்துக்குப் போன கார்கள் வேறு யார் வீட்டிலாவது கார்களாகவே இருக்கின்றன. இங்கே போனவை உருக்கு உலைக்குப் போயின.

வன்னியில் வாகனத்தை நினைவாக வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனையிறவில் 1991 சண்டையில் வந்த கவசப் புல்டோசர் மேடை போட்டு நிற்கிறது. புதுக்குடியிருப்பில் படையினர் கடற்புலிகளின் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் காட்சிக்கு வைத்தார்கள். எல்லாம் சண்டைக்குப் போனவை. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன காருக்கும், நெல்லேற்றிய தட்டிவானுக்கும் மேடை கிடையாது. வடக்குப் புகையிரதப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. 2013இல் கிளிநொச்சிக்கு மறுபடி ரெயில் வந்தபோது நிலையம் புதுசாகவே எழுந்தது, நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தண்டவாளம் நடுவில் இருபது வருடம் என்னவாக இருந்தது என்று அந்தக் கட்டடத்தைப் பார்த்தால் தெரியாது.

வன்னியில் ஒருநாள் ரீனோவில் உள்ளதுபோல ஒரு கட்டடம் எழும்பினால், மினுங்குகிற ஏ 40ஐ வாங்கி வந்து கயிறு கட்டி நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். அப்படியான கார் கொழும்பிலும் இருக்கிறது, இங்கிலாந்திலும் இருக்கிறது. மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களைத் தொண்ணூறுகளில் தென்னிலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள், புதுக்கோலம் எங்கேயும் கிடைக்கும். ஷுஸ்டரைக் கூப்பிட்டுக் காரைக் கழற்றியதுபோல இங்கும் கழற்ற வேண்டும்: இரண்டாவது தாங்கி, இரண்டு திறப்பு, கரிபிடித்த பிளக், சொட்டுப் போத்தல். அடிபட்ட நிலையில். கூரையும் தகரமாகவே இருக்கலாம். சவுதாம்டனில் கிளார்க்குக்கு அது போதுமாக இருந்தது.

அவசரமும் இருக்கிறது. 2022இல் நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, பழைய மெக்கானிக்குகளைத் தேடிச் சில இளம்பெடியங்கள் வந்தார்கள், மண்ணெண்ணெயில் ஓட்டலாமா என்று கேட்டு. அவர்கள் சிரித்துவிட்டுச் சொன்ன பதில், இப்போதைய எஞ்சினில் கார்புரேற்றரே இல்லை, எதில் சொட்டு விடுவது என்பது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. சரி, அந்தப் பேச்சும் அதோடு முடிந்தது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல்.

பெரியப்பாவின் ஏ 40 புதுக்குடியிருப்புவரை வந்தது, அதற்கப்பால் வரவில்லை. அவர் நீரேரியைக் கடந்தபோது பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தவற்றில் காரின் பதிவுப் புத்தகமும் இருந்தது, பிறப்புச் சான்றிதழ்களோடு. போன மாதம் அதை எடுத்துக் காட்டினார். எஞ்சின் இலக்கம், சட்டக இலக்கம், முன்னைய சொந்தக்காரர்கள் நாலு பேர். நிறம் என்ற இடத்தில் சாம்பல் என்று இருந்தது.

"சாம்பலோ?" என்றேன்.

"ஆர் சொன்னது? பச்சை. தொண்ணூத்திமூண்டில வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற் அரை ரின் கிடைச்சது. பிரஸ்ஸாலதான் அடிச்சனான். கூரைக்குக் காணாமப் போச்சு."